முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

மூன்று நாளில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படம்.
கானாடுகாத்தானில்
ஒரு வீட்டின் முன்வாசலில் கண்ணை வைத்தால்
ஏழு நிலை தாண்டி
பின்தெருவில் மேயும் ஆடு தெரியும்.
அதை எடுத்தேன்.
மழை அரித்த செம்மண் சரிவை,
தைல மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றைப் பனையை,
விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு
யாரும் கால் வைக்காத ஊருணியை.

பள்ளத்தூரில் கொட்டான் முடைகிற சிட்டாள்
"இருங்க, சீலை மாத்திட்டு வர்றேன்" என்று போனார்.
ஓலையின் மேல் சாய்ந்திருந்த வெயில்
அவருக்காகக் காத்திருக்கவில்லை.
பச்சைச் சீலையில், பவுடர் பூசி,
கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல் நின்றார்.
பத்திரிகைக்கு ஆகாது.
அவருக்கு அதுதான் வேண்டுமாம், வாட்ஸப்பில் கேட்டார்.

ஆத்தங்குடிக்கு வந்தபோது மணி மூன்று.
சேவுகன் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்தார்.
கரண்டியில் மோந்து
சிவப்பை அதன் அறையில்,
மஞ்சளை அதன் அறையில் ஊற்றினார்.
அச்சைத் தூக்கியதும்
ஒன்றையொன்று உரசியும் கலக்காமல்
பந்தியில் பக்கத்தில் உட்கார நேர்ந்த பங்காளிகள் மாதிரி
நிறங்கள் நின்றன.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.
மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்க
பூ போன இடம் தெரியவில்லை.
நான் பார்த்துக்கொண்டிருந்தது கல்லின் முதுகை.
முகம் கண்ணாடிப் பக்கம்.

"காஞ்சு, தண்ணித் தொட்டியில கெடந்து,
அப்புறந்தேன் கண்ணாடி கழலும்.
அதுவரைக்கும் நானே பாக்க முடியாது.
நீங்க உடனே பாத்துர்றீக."

கைகளை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.
நகக்கண்ணில் பச்சை, விரலிடுக்கில் சிவப்பு.
இருநூறு இருக்கும்.
அவர் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து சொன்னார்:
"கையவே எடுக்குறீக. மூஞ்சிய ஒண்ணு எடுங்களேன்.
சிங்கப்பூருக்கு விசாப் போடணும்.
ஓட்டல் ஒண்ணுக்கு நாலாயிரம் சதுர அடி,
நாந்தேன் வந்து பதிக்கணுமாம்."

போனில் விதிகளைக் காட்டினார்.
முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர்.
பின்னால் வெள்ளை. காது தெரியட்டும்.
சிரிப்பு கூடாது. நிழல் கூடாது.

மூன்று நாளாக நிழலைத் தேடி அலைந்தவன் நான்.
மச்சினன் தங்கையா வேட்டியை விரித்துப் பிடித்தான்.
கரை விழுந்தது, மடித்துப் பிடித்தான்.
வெள்ளைச் சிமெண்டுச் சாக்கைப் பிரித்து
நெஞ்சுக்குக் கீழே கட்டினோம்,
தாடைக்கு வெளிச்சம் வந்தது.
"அங்க நண்டுதேன் சோறாம்" என்று
தொட்டியடியிலிருந்து ஒரு குரல்.
ஒன்பது படமும் சிரிப்பு.

பத்தாவதுக்கு நான் சொன்னேன்:
கேமராவை விடுங்க.
இது நீங்க போட்ட தரைன்னு நெனச்சுக்கங்க,
மட்டமா இருக்கா பாருங்க.

பார்த்தார்.
அந்த முகம் விழுந்துவிட்டது,
விசா அதிகாரி ஒரு குறையும் சொல்ல முடியாத முகம்.
பார்வையை எடுக்காமலே சொன்னார்:
"உங்க வலப்பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கு."

இருக்காது.
முக்காலியின் குமிழ் நடுவில்தான் நின்றது.
அவர் தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து
கேமராவின் தலையில் வைத்தார்.
குமிழ் இடப்பக்கம் ஓடியது.
மேலூரில் பஸ் பரணிலிருந்து
முக்காலி விழுந்தது நினைவுக்கு வந்தது.
"பேப்பர் மடிச்சு வைங்க, சரியாயிரும்."
கூலி கேட்காமல்
அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

காரைக்குடி லாட்ஜில், கொசுவர்த்திப் புகையில்,
எட்டுப் பிரதிக்கு அவர் முகத்தை நறுக்கி
ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். மேட் தாள், பளபளப்பு வேண்டாம்.
பிறகு முதலிலிருந்து திறந்தேன்.
ஏழு நிலைகளும் ஒரு நூல் சாய்ந்திருந்தன,
பனையும் ஆடும் சாய்ந்திருந்தன.
ஊருணித் தண்ணீர்
இடக்கரைப் பக்கம் இறங்கி நின்றது,
ஒரு சொட்டும் சிந்தாமல்.